அமைதிப்படைப் போரும் ராமநாதபுரக் கரையும்

கேட்கப்பட்ட கேள்வி இது: வியட்நாம் போரின்போது அமெரிக்கக் கல்லூரிகள் கொந்தளித்தன, அரசே ஆடிப்போனது. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் நடத்திய போரும் தமிழ்நாட்டு மக்களுக்குப் பிடிக்காத போர்தான். அந்தப் போருக்கு மிக அருகில் இருந்த ராமநாதபுரம் கடற்கரையில் ஏன் அப்படி எதுவும் நடக்கவில்லை? அந்தப் போர் இங்கே எதையும் மாற்றவில்லையா?

அந்த ஆண்டுகளில் பாம்பன் தீவில் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பின் இந்தக் கரையின் கதையைத் தேடிப் படிப்பதில்தான் பெரும்பாலான நாட்கள் கழிகின்றன. மறியலும் கடையடைப்பும் உண்ணாநோன்பும் தமிழ்நாட்டின் நகரங்களில் நடக்கத்தான் செய்தன. ஆனால் இந்தக் கரை அதிகம் குரல் எழுப்பவில்லை என்பது உண்மை. குரல் எழாததால் மாற்றமும் இல்லை என்று முடிவு கட்டினால், கடந்த நாற்பது ஆண்டுகளில் இங்கே நடந்தவற்றில் பாதி நமக்குப் புரியாமலே போய்விடும்.

முதலில் ஒப்பீட்டைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் வியட்நாம் போர் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்ததற்குப் பெரிய காரணம் கட்டாய ஆள்சேர்ப்பு. பதினெட்டு வயது நிரம்பிய பையன் பெயரைப் பதிந்தாக வேண்டும், அழைப்பு வந்தால் போயாக வேண்டும் என்றிருந்தபோது, போர் வேண்டுமா வேண்டாமா என்பது உயிர் வாழ்வதா சாவதா என்ற கேள்வியாகவே கல்லூரி மாணவனுக்கு ஆயிற்று. 1970 மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தபின் நாடு முழுவதும் கல்லூரிகள் மூடப்பட்டன. போருக்குப் போகும் வயது பதினெட்டு என்றால் ஓட்டுப் போடும் வயதும் அதுவாகத்தானே இருக்க வேண்டும் என்ற வாதம் வென்று, 1971இல் வாக்குரிமை வயது 21லிருந்து 18 ஆகக் குறைந்தது. 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பே நின்றது.

இந்தியப் படை விரும்பிச் சேர்பவர்களின் படை. இதை எங்கள் மாவட்டத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு சங்கதியும் புலப்படும். ராமநாதபுரம் என்றால் வெளியூர்க்காரர்கள் கடலை நினைக்கிறார்கள். ஆனால் முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கத்து உள்நாட்டு ஊர்கள் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் மிளகாயும் கரிமூட்டமும் என்று வாழ்ந்த அந்த ஊர்களில், பட்டாளத்தில் சேர்வது தலைமுறை தலைமுறையாக ஒரு பிழைப்பு. அமைதிப்படையில் மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்களும் இருந்தன. ஆக, ஒரே மாவட்டத்தில் உள்நாட்டுக்காரரின் மகன் துப்பாக்கியோடு கடலுக்கு அக்கரையில் இருந்தான், கடலோரத்தாரின் மச்சான் அந்தத் துப்பாக்கிக்கு எதிரே இருந்த ஊரில் இருந்தான். எந்தப் பக்கம் நின்று கத்துவது?

கடலோரத்தாருக்கு அக்கரையில் மச்சான் எப்படி வந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போய்விடலாம். போட் மெயில் என்ற பெயர் அந்த ரயிலுக்கு அப்படித்தான் நிலைத்தது. அதற்கு முன்பும் பின்பும் தோணிகள் தம் போக்கில் போய்வந்துகொண்டே இருந்தன. தங்கச்சிமடத்துக்கும் மன்னார்ப் பேசாலைக்கும் இடையே கொண்டான் கொடுத்தான் உறவு உண்டு. கீழக்கரை வணிகர்களுக்கு அக்கரையிலும் கடைகள் இருந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்த பிறகும் ராமேசுவரத்திலிருந்து கப்பல் போயிற்று. 1983 இனக்கலவரத்தை அடுத்துத்தான் அதுவும் நின்றது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரண்டு கரைச் சனமும் கூடி, சாமான் மாற்றி, கல்யாணம் பேசி முடித்த வழக்கமும் போர்க்காலத்தில் பெரும்பாலும் அற்றுப்போனது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழ்நாடு கொதித்தது. ஆகஸ்டில் கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார்கள். எம்.ஜி.ஆர். அரசு போராளிகளுக்கு வெளிப்படையாகவே துணை நின்றது. 1987 ஏப்ரலில் நான்கு கோடி ரூபாய் உதவியும் அறிவித்தது. அன்றைக்கு இந்தக் கரையில் அரசும் மக்களும் ஒரே பக்கம். விடியற்காலையில் படகு வந்து இறங்கினால், யார் எவர் என்று கேட்பதற்கு முன்னால் பெண்கள் குடத்தோடு தண்ணீர் கொண்டு ஓடுவார்கள். உப்புக் காற்றில் உதடு வெடித்த குழந்தைகளும், சாவிக்கொத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்த பெண்களும் கரையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி அது. சில நாளில் திரும்பிவிடுவோம் என்றுதான் அவர்கள் எல்லோரும் நம்பினார்கள். 1983க்கும் 1987க்கும் இடையே தமிழகம் வந்த அகதிகள் ஏறத்தாழ 1,34,000 பேர். மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்ப வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்பட்டு, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அவர்களே திரும்பி வந்தபோதும் பயன்பட்ட மண்டபம் முகாம், இப்போது மூன்றாவது முறையாக நிரம்பியது.

1987 ஜூன் 3 அன்று யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிய மீன்பிடிப் படகுகள், ஏறத்தாழ இருபது, ராமேசுவரத்திலிருந்து புறப்பட்டன. இலங்கைக் கடற்படை வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அந்த இரண்டு நாள் இந்தக் கரைக்கு இருந்த பெருமிதத்தை நான் மறுபடி பார்த்ததில்லை. ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதன்படி அமைதிப்படை அக்கரைக்குப் போனது. ஆகஸ்ட் 2இல் மெரினாவில் ராஜீவ் காந்தியும் எம்.ஜி.ஆரும் ஒரே மேடையில் நின்றார்கள். செப்டம்பர் 26இல் நல்லூரில் உண்ணாநோன்பிருந்த புலிகள் இயக்கத்துத் திலீபன் இறந்தார். அக்டோபர் 10இல் அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது.

சனங்களின் மனம் திரும்பிய விதத்தை ஒரு டீக்கடை வாசலில் வைத்துத்தான் என்னால் விளக்க முடியும். ஆகாசவாணியின் மாநிலச் செய்தி முடிந்ததும் எழுந்து போகும் கூட்டம், அந்த அக்டோபரிலிருந்து எழவில்லை. இரவு பி.பி.சி. தமிழோசைக்காகக் காத்திருந்தது. ஆகாசவாணியில் தீவிரவாதிகள் இத்தனை பேர் கொல்லப்பட்டனர் என்று வந்தது, தமிழோசையில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்ட செய்தி வந்தது. கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டுப் பலகையைச் சாத்துவார், ஒருவரும் வாய் திறக்காமல் கலைவார்கள். அதுவரை அரசாங்கச் செய்தியை வேதவாக்காகக் கேட்ட மனிதர்கள் அதைச் சந்தேகத்தோடு கேட்கத் தொடங்கியது அப்போதுதான். அதை ஒரு பெரிய மாற்றமாகவே நான் கருதுகிறேன்.

அதே ஆண்டு என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு படகில் வந்தவள். மற்றவனின் அப்பா முதுகுளத்தூர்ப் பக்கத்து ராணுவ வீரர், அம்மா தீவில் அரசு வேலையில் இருந்ததால் இங்கே படித்தான். அப்பாவிடமிருந்து வரும் கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருக்கும். ஆனால் எங்கே இருக்கிறார் என்பது வகுப்புக்கே தெரியும். ஒருநாள் அந்தப் பெண் என்னிடம் வந்து, அவனுடைய அப்பாவுக்குக் கடிதம் எழுதினால் தன் அம்மம்மாவின் வீடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வாரா என்று கேட்டாள். முகவரியைக் கட்டம் போட்ட தாளில் எழுதியும் வைத்திருந்தாள். நான் அந்தத் தாளை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். அவனிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு ராணுவ வீரனுக்கு அப்படிப்பட்ட கடிதம் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை என்பது ஒரு காரணம், பயம் இன்னொரு காரணம். கரை ஏன் பேசவில்லை என்று இன்று யார் கேட்டாலும் அந்த இழுப்பறைதான் என் நினைவுக்கு வருகிறது.

பயம் என்றேன். அதற்கு அடிப்படை இருந்தது. மீனவன் நாள்தோறும் அரசு அனுமதியின் பேரில் கடலுக்குப் போகிறவன். அந்த அனுமதிச் சீட்டான டோக்கன் கிடைக்காவிட்டால் அன்று அடுப்பு எரியாது. அகதியோ முகாமில் தங்க அனுமதிக்கப்பட்டவர் மட்டுமே, ஊர்வலம் போகும் உரிமையெல்லாம் அவருக்கு இல்லை. இந்த இரண்டு கூட்டத்தையும் நீக்கிவிட்டால் கடலோரத்தில் மிஞ்சுபவர் எத்தனை பேர்? அரசியலும் அந்த நேரத்தில் தலைவனில்லாத நிலையில் இருந்தது. உடல்நலம் குன்றியிருந்த எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்தார், அவர் கட்சி இரண்டாக உடைந்தது, 1988 ஜனவரி இறுதியிலிருந்து ஓராண்டு குடியரசுத் தலைவர் ஆட்சி. அதைவிடவும் முக்கியமாக நான் கருதுவது நம்பிக்கையை. ஒப்பந்தத்தை ஒட்டி 1987 முடிவிலிருந்து அகதிகளைக் கப்பலில் ஊருக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். 1989க்குள் ஏறத்தாழ 25,000 பேர் போனார்கள். போரை வெறுத்தவர்களே, அந்தப் போர் சீக்கிரம் முடிந்தால் உறவுகள் வீடு போய்ச் சேருமே என்று காத்திருந்தார்கள். முந்தானையில் சாவி முடிந்தவர்களின் கணக்கு அப்படித்தான் இருந்தது.

ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தபின், 1990 மார்ச் 24இல் அமைதிப்படையின் கடைசிப் பிரிவு திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. அதை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. பிடிக்காத போருக்குத் தமிழ்நாடு வெளிப்படையாகக் காட்டிய மறுப்பு என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் அதைத்தான் சுட்டுவேன். ஆனாலும் அந்த வீரர்களில் எங்கள் மாவட்டத்து ஏழை வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஊருக்கு வந்தபோது அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவர்களும் எதுவும் சொல்லவில்லை. போன பட்டாளத்தைத் திட்டுவதா, வந்த பிள்ளையைக் கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் ஒரு சமூகம் வாய் மூடிக்கொண்டது. அந்த வீடுகளின் துயரத்தை இன்றுவரை யாரும் முறையாக எழுதவில்லை என்பது எனக்கு ஆறாத குறை.

பிறகு எல்லாமே வேகமாகத் திரும்பியது. 1990 ஜூனில் அக்கரையில் மறுபடி போர் தொடங்கியது, இந்த இரண்டாம் அலையில் ஏறத்தாழ 1,22,000 பேர் வந்தார்கள். சாவியோடு திரும்பிப் போனவர்களில் சிலர் சாவி இல்லாமல் வந்தார்கள். அதே ஜூனில் சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற இன்னொரு ஈழப் போராளி இயக்கத்தின் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1991 ஜனவரி 30இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த ஓர் இரவுக்குப் பின் ஈழம் என்ற சொல்லையே தமிழ்நாட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்லும்படி ஆயிற்று. முகாம்களில் கணக்கெடுப்பும் காவலும் இறுகின. அகதிப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியில் இருந்த சலுகைகள் பறிபோயின. 1992இல் திருப்பி அனுப்புவதும் தொடங்கியது. கொலைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு முழு மக்கள் கூட்டம் அதற்குத் தண்டனை அனுபவித்தது என்பதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அமைதிப்படைக் காலத்தின் எதிர்ப்பு பிற்காலத்தில் ஓர் இயக்கமாக வளராமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

கரையின் உருவமும் மாறியது. 1990 ஜூனில் இந்தியக் கடற்படை பாக் நீரிணையில் ஆபரேஷன் தாஷா என்ற தொடர் ரோந்தைத் தொடங்கியது. சோதனைச் சாவடி, அடையாள அட்டை, புதுமுகம் யார் என்று விசாரிக்கும் தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவு எல்லாம் அன்றாட வாழ்க்கைக்குள் வந்தன. 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு அதுவரை காகிதத்தில்தான் இருந்தது. போர்க்காலத்தில் அதில் துப்பாக்கிச் சூடு கேட்டது. கடலுக்குப் போன கணவன் சிறைப்பட்டால் அல்லது திரும்பாவிட்டால், வட்டிக்காரனையும் அதிகாரியையும் வழக்கறிஞரையும் தேடி அலைந்தவர்கள் அதுவரை வீட்டோடும் சந்தையோடும் இருந்த பெண்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு முதலில் நிற்கத் தொடங்கியவர்களும் அவர்களே. மீனவப் போராட்டங்களில் இன்று பெண்கள் முன்வரிசையில் இருப்பதைப் பார்த்து வியப்பவர்கள் அதன் வேர் எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாகாது என்ற ஒன்றுக்கு வருகிறேன். போர் எங்களுக்கு ஓர் ஆதாயத்தையும் கொடுத்தது.

இறால் ஏற்றுமதி சூடுபிடித்த 1960, 70களில் விசைப்படகுகள் இந்தக் கரையில் பெருகின. இரண்டு பலகைகள் கட்டிய மடி வலை, கடலின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டே இழுபட்டு வரும். இறாலோடு குஞ்சும் முட்டையும் பாசியும் எல்லாம் வந்துவிடும். நாட்டுப்படகுக்காரர்களின் வலைகள் அறுபட்டு, கைகலப்பு முற்றிய பிறகுதான், விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு மற்ற நாட்கள் என்ற ஏற்பாடு வந்தது. தன் பக்கத்துக் கடல் வறளத் தொடங்கிய அந்த நேரத்தில்தான் அக்கரையில் போர் மூண்டது. வடக்கு மீனவனுக்கு இரவில் கடலுக்குப் போகத் தடை, பாதுகாப்பு வலயம் என்று சொல்லிக் கரையே பறிபோனது, 1990க்குப் பிறகு எரிபொருளுக்கும் தடை. பலர் ஊரையே விட்டு முகாமுக்குப் போனார்கள், அவர்களில் ஒரு பகுதியினர் எங்கள் மண்டபத்துக்கே வந்தார்கள். அவர்கள் விட்டுவந்த கடலில் எங்கள் விசைப்படகுகள் இறால் அள்ளின. சுடுவார்கள் என்று தெரிந்தே போனார்கள், சிலர் செத்தும் போனார்கள். ஆனாலும் போனார்கள், ஏனென்றால் படகுக் கடன் இருந்தது, அக்கரையில் மீன்பாடும் இருந்தது. அகதிக்குத் தண்ணீர் கொடுத்த அதே கரைதான் அந்த அகதியின் கடலிலும் மடி இழுத்தது. கூலிக்குப் போன மீனவனை நான் குறை சொல்லவில்லை. அதை மூன்று தலைமுறைப் பழக்கமாக வளரவிட்ட நம் அரசுகளையும், லாபம் பார்த்தவர்களையும், வாயைத் திறக்காத என்னைப் போன்றவர்களையும் சொல்கிறேன்.

2009இல் போர் முடிந்தபோது அக்கரை மீனவர்கள் எஞ்சிய வலைகளோடு கடலுக்குத் திரும்பினார்கள், ராத்திரியில் விரித்த வலை விடிந்தால் இல்லை, நம் விசைப்படகுகளின் மடி அறுத்துப் போயிருக்கும். 2010 ஆகஸ்டில் அவர்களுடைய பிரதிநிதிகள் தமிழகம் வந்து நம் மீனவர்களோடு பேசினார்கள். இழுவை மடியை ஓராண்டுக்குள் நிறுத்துவதாக அப்போது ஒப்புக்கொள்ளப்பட்டது. நிறுத்தப்படவில்லை. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடித் தொழிலையே சட்டத்தால் தடை செய்தது. இன்று படகு பிடிபட்டு, மீனவர் சிறைப்பட்டு, ராமேசுவரத்தில் வேலைநிறுத்தம் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் கச்சத்தீவை மட்டும் காரணம் காட்டுகிறார்கள். போர்க்காலத்தில் காலியாகக் கிடந்த ஒரு கடலுக்கு நாம் பழகிப்போனதையும் சேர்த்துப் பேசினால்தான் இரண்டு பக்கத்துத் தமிழனுக்கும் வழி பிறக்கும்.

முகாம்களும் அப்படியே இருக்கின்றன. 2021இல் தமிழக அரசு அவற்றின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, புதிய வீடுகளுக்கும் நிதி ஒதுக்கியது. நல்ல காரியம். ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்து, எங்கள் பள்ளியிலேயே படித்து, எங்கள் பேச்சையே பேசும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை.

2022 மார்ச் 22 அன்று, பொருளாதார நெருக்கடியால் இலங்கையில் பட்டினி சூழ்ந்த வேளையில், தனுஷ்கோடிப் பக்கம் 16 பேர் வந்து இறங்கினார்கள். அதன்பின் வந்த குடும்பங்களில், போர்க்காலத்தில் இங்கே முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு. படகோட்டி மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட, வெயிலில் காத்திருந்தவர்களை நம் படையினர் மீட்டுக் கரைசேர்த்த நாட்களும் இருந்தன. இப்போது கரையில் அந்நியப் படகு தென்பட்டால் மீனவர் முதலில் கடலோரக் காவல் குழுமத்துக்குப் போன் செய்கிறார், செய்யாவிட்டால் அவர் டோக்கனுக்கு ஆபத்து. அதன்பிறகு வீட்டுப் பெண்கள் குடத்தோடு வருகிறார்கள். அப்படி வந்து இறங்கியவர்களுக்கு மண்டபம் முகாமில் இடம் கொடுத்தார்கள்.